மூன்றாவது படகு

முதலில் பார்த்தது நான்தான். அன்றைக்கு அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எங்கள் கட்டடத்தில் பதினாறு வீடுகள். கீழ்த்தளத்தில், தபால் பெட்டிகளை ஒட்டி, ஒரு தையல் கடை. இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் இடம். அதற்குள் ஒரு மெஷின், ஒரு வெட்டுமேசை, ஓர் ஆளுயரக் கண்ணாடி, உடுப்பு மாற்ற ஒரு திரை. கடைக்காரி என் எதிர்வீட்டுக்காரி. முப்பத்தெட்டு வயது. அவளுக்கு ஒரு பெயர் இருந்தது, ஆனால் பதினாறு வீட்டுக்கும் அவள் டைலர்தான். கணவன் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். பேச்சுக்கும் மீட்டர் ஓடும் என்று நம்புகிற மனிதர்.

ஜனவரியில் ஒரு நாள், என் நைட்டியின் கீழ்மடிப்பைக் குத்த அவள் தரையில் உட்கார்ந்தாள். வாயில் நாலு குண்டூசி. நான் கண்ணாடியில் என்னைப் பார்த்து அலுத்துப்போய், குனிந்திருந்த அவள் தலையைப் பார்த்தேன். அடர்த்தியான முடி, பெரிய கொண்டை. தைக்கும் ஊசியை அந்தக் கொண்டையில்தான் செருகி வைப்பாள். கொண்டைக்கும் வலது காதுக்கும் நடுவில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் இடம், வழுவழுவென்று, வெள்ளையாக.

"ஏம்மா, இங்க முடியே இல்லையே?"

"எங்கக்கா?" என்றாள், குண்டூசிகளுக்கு நடுவில்.

நான் விரல் வைத்துக் காட்டினேன். அவளும் தொட்டுப் பார்த்தாள்.  அன்று என் நைட்டி ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கித்தான் வந்தது.

சாயங்காலத்துக்குள் பதினொரு வீட்டுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நான் சொன்னது மூன்று வீட்டில்தான். மற்ற எட்டும் அவர்களாகப் பரப்பியது. அதை என் தலையில் கட்டக் கூடாது.

அப்புறம் ஆரம்பித்தது வைத்தியம். மூன்றாம் மாடிக்காரி வெங்காயச் சாறு தேய்க்கச் சொன்னாள். வங்கியில் வேலை பார்க்கும் அம்மா, அதெல்லாம் வெறும் டென்ஷன் என்றாள். டென்ஷன் ஆகாதே, டென்ஷன் ஆகாதே என்று தினம் வந்து சொல்லி, டென்ஷன் இல்லாதவளுக்கும் வரவழைத்தாள். வாட்ச்மேன் பூண்டு என்றார். வாட்ச்மேன் தலையில் எண்ணி ஒன்பது முடி. அவரிடம் யாரும், "முதல்ல நீங்க தேச்சுக்குங்களேன்" என்று கேட்கவில்லை.

அவள் எல்லாம் செய்தாள். கடை முழுக்க வெங்காய வாடை. தைத்த துணியிலும் வாடை. அதே மூன்றாம் மாடிக்காரி ஒரு நாள் தன் ரவிக்கையை முகர்ந்து பார்த்து, "என்ன டைலர், துணியெல்லாம் நாறுது!" என்றாள்.

"நீங்க சொன்ன வெங்காயம்தாங்க. உங்க ரவிக்கைக்கும் நல்லா முடி வளரும்."

அப்போது அவளால் இன்னும் சிரிக்க முடிந்தது.

இந்த நோய்க்குப் புழுவெட்டு என்று பெயர் வைத்தவன் மட்டும் என் கையில் அகப்பட்டால் என்ன செய்வேன் என்று தெரியாது. அந்த ஒரு சொல் போதும், படித்தவன் படிக்காதவன் எல்லோரும் அவள் தலையில் புழுவைத் தேடினார்கள். இரண்டாம் மாடியில் ஒருத்தி டார்ச் அடித்தே பார்த்தாள். பார்த்துவிட்டு, தைக்கக் கொடுத்திருந்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். "தப்பா எடுத்துக்காத. வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்க. துணியில ஏறி வந்துச்சுன்னா?"

அவள் போனதும் டைலர் என்னைப் பார்த்தாள். "எதுக்கா ஏறி வரும்?"

 உண்மையைச் சொன்னால், நானும் அந்த வாரம் அவள் தைத்த என் ரவிக்கைகளை இரண்டு தரம் துவைத்தேன்.

பெரியாஸ்பத்திரிக்கு நான்தான் துணைக்குப் போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன். என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல் வீட்டில் உட்கார என்னால் முடியாது. தோல் டாக்டர் கண்ணாடி போட்ட இளம் பெண். வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள். எங்களுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது.

"இதுக்குப் பேரு அலோபீசியா. புழுவும் இல்ல, பூச்சியும் இல்ல. யாருக்கும் ஒட்டாது. கிருமியோட சண்டை போட வேண்டிய உங்க உடம்பு, ஆளு தெரியாம முடி வேரோட சண்டை போடுது. வட்டமா இருக்கிற இடத்துல ஊசி போடலாம். சில பேருக்கு வளரும், சில பேருக்கு ஒண்ணுமே செய்யாமலும் வளரும். சில பேருக்குப் பரவும். எதுன்னு என்னால இப்பச் சொல்ல முடியாது. மாசாமாசம் வாங்க, பார்ப்போம்."

அவ்வளவு நேர்மையாக ஒரு மனுஷி பேசினாள், எங்களுக்கு அது பிடிக்கவில்லை. படியிறங்கும்போது நான் சொன்னேன்: "தெரியாதுன்னு சொல்றதுக்கு எதுக்கு ஒரு டாக்டர்?"

மறுநாள் செய்தித்தாளுக்குள் இருந்த ஒரு நோட்டீசை எடுத்துப் போய் அவள் மேசையில் வைத்தேன். 'முடி மலர் நிலையம். ஆறே மாதம். உறுதி.' ஆமாம், வைத்தது நான்தான். சொல்லாமல் விட்டாலும் யாராவது சொல்லிவிடுவார்கள்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, செருப்புக் கடைக்கு மேல் மாடி. போனதுமே இஞ்சி டீ கொடுத்தார்கள். குளிர்சாதனம், மீன் தொட்டி, மெதுவான பாட்டு. டை கட்டிய ஒருவர் வந்து முக்கால் மணி நேரம் எங்களிடம் அன்பாகப் பேசினார். டாக்டரா என்று கேட்டேன். "ஆலோசகர்" என்றார். சீரம், லேசர் தொப்பி, அவள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி அவள் தலையிலேயே ஏற்றும் ஊசி என்று மூன்று அடுக்குச் சிகிச்சை. அவளுக்கு அப்போது மூன்றே வட்டம்தான் இருந்தது. மூன்றும் சேர்ந்து ஓர் உள்ளங்கைக்குக் காணாது.

முதல் நாளே படம் எடுத்தார்கள். காத்திருக்கும் கூடத்தின் மூலையில் நீலத் திரை, முன்னால் ஒரு ஸ்டூல், அதன் கால்கள் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் ஒட்டுத்தாள் குறி. வட்டங்களைக் கிட்டத்தில் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பிறகு அந்த டை கட்டியவர், எங்களுக்கு இனி அவர் டைதான், ஒரு சின்ன டப்பாவைத் திறந்து கறுப்புப் பொடியை அந்த வட்டங்கள் மேல் தூவினார். "சிகிச்சை முடிஞ்சதும் எப்படி இருப்பீங்கன்னு ஒரு சாம்பிள்." வட்டங்கள் மறைந்தன. சீவி, கொண்டையை அவிழ்த்து முன்னால் விட்டார்கள். "இப்ப சிரிங்க மேடம்." அவள் சிரித்தாள். அவ்வளவு அழகாக அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு தாளை நீட்டினார்கள், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டாள்.

அது பிப்ரவரி. ஏப்ரலில் வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. மே முடிவதற்குள் தலையில் ஒன்றுமில்லை. ஜூன் பிறந்ததும் புருவமும் இமை முடியும் போயின. இமை முடி எதற்கு என்று நாம் யோசிப்பதேயில்லை. துணி வெட்டும்போது பறக்கிற பஞ்சும் தூசியும் நேரே கண்ணுக்குள் போகும். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் மெஷினை நிறுத்திக் கண்ணைக் கழுவினாள். ஊசி செருகக் கொண்டை இல்லாமல், பழக்க தோஷத்தில் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், வெறும் கழுத்தில் குத்திக்கொண்டதை நானே இரண்டு தரம் பார்த்தேன்.

டை ஒவ்வொரு மாதமும் ஒரே பேச்சுத்தான். "கொட்டுதுன்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். பழைய முடி போனாத்தானே புது முடிக்கு இடம்?"

மீட்டர்காரர் ஒரு நாள் வாயைத் திறந்தார். "போதும், விட்டுடு. எனக்கு நீ இப்படியே இருந்தாலும் ஒண்ணுதான்."

"உங்களுக்கு ஒண்ணுதான். கடைக்கு வர்றவங்களுக்கு ஒண்ணா?"

அதுதான் விஷயம். கடைக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். வந்தவர்களும் திரைக்குப் பின்னால் அளவு கொடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், புழு மூக்கு வழியாக ஏறுகிற மாதிரி.

அவள் தலைக்குத் துணி கட்ட ஆரம்பித்தாள். எல்லாம் அவளே தைத்தது. எந்தத் துணியில்? அங்கேதான் வேடிக்கை. திங்கட்கிழமை பார்த்தால் வங்கிக்கார அம்மாவின் ஊதாப் பூ. புதன்கிழமை மூன்றாம் மாடியின் பச்சைக் கட்டம். வெள்ளிக்கிழமை யாரோ ஒரு பள்ளி ஆசிரியையின் பருத்திக் கோடு. 'துணி பத்தல, மீதி ஒண்ணுமே இல்ல' என்று அவள் எங்களிடம் சொன்ன மீதியெல்லாம் ஒவ்வொன்றாக அவள் தலையில் ஏறி வந்தது. எல்லோருக்கும் தெரிந்தது. முடி போன ஒருத்தியைப் பிடித்து, அது என் துணியில்லையா என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. எனக்குக்கூட வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் உஷார். ஜூன் மாதம் என் வீட்டு இரண்டு ஜன்னலுக்கும் திரைச்சீலைத் துணி எடுத்தேன். எட்டு மீட்டர். வெள்ளையில் நீலப் பாய்மரப் படகுகள். அச்சில் ஏதோ கோளாறாகி, ஒவ்வொரு மூன்றாவது படகும் தலைகீழாக விழுந்திருந்தது. அதனால்தான் பாதி விலை. அந்த மாதம்தான் வந்த துணி, இன்னும் அச்சு மை வாசனை போகவில்லை, இந்த ஒரே சுருள்தான் என்று சொல்லிக் கடைக்காரர் என் தலையில் கட்டினார். தைத்து வாங்கும்போது, "மீதி இருக்குமே?" என்று கேட்டேன்.

"எங்கக்கா? சுருக்கம் வச்சுத் தைச்சா துணி குடிக்கும். ஒரு சாண்கூட மிஞ்சல."

நானும் கண்கொத்திப் பாம்பாக அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோர் துணியும் வந்தது. படகு மட்டும் வரவில்லை. சரி, உண்மைதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் ஆறு மாதம் முடிந்தது. அதே ஸ்டூலில் உட்கார வைத்து, "ஃபைலுக்கு ஒண்ணு" என்று படம் எடுத்தார்களாம். அன்று நான் போகவில்லை, எனக்கு முழங்கால் வலி. அவள் திரும்பி வந்து ஒரே வரியில் சொன்னாள்: "என் உடம்பு ஒத்துழைக்கலயாம்."

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு மாதம் ஒரு தரம் போய்வர ஆரம்பித்தாள். கடையில் உட்கார்ந்து தைத்தாள். பாதிப் பேர் போனாலும் மீதிப் பேருக்குப் பழகிவிட்டது. ஓரளவு அடங்கிவிட்டது என்றுதான் நினைத்தோம்.

நவம்பரில் அந்தப் பலகை வந்தது.

பேருந்து நிறுத்தத்துக்கு மேலே, வீட்டுக் கூரை அகலத்துக்கு. இரண்டு படங்கள். இடதில் 'முன்பு': மொட்டைத் தலை, புருவமில்லாத முகம், அழுகையை விழுங்கிய வாய். வலதில் 'பின்பு': தோள் வரை கறுகறுவென்று முடி, முகம் நிறையச் சிரிப்பு. கீழே, 'ஆறே மாதம். நீங்களே பாருங்கள்.' இரண்டு பக்கமும் எங்கள் டைலர்.

பார்த்தவர்கள் எல்லாம் நேரே கடைக்கு வந்தார்கள். நம்புவீர்களா, ஒருவரும் நிலையத்தைக் கேள்வி கேட்கவில்லை. அவளைக் கேட்டார்கள்.

"அவ்வளவு நல்லா வளர்ந்திருந்துச்சே, ஏம்மா விட்டுட்ட?"

"ஒழுங்கா மருந்து போட்டிருக்க மாட்ட."

"விளம்பரத்துக்கு எவ்வளவு குடுத்தாங்க? எங்ககிட்ட எல்லாம் அழுது காட்டிட்டு, அங்க போய் போஸ் குடுத்திருக்கியே!"

இது மூன்றாம் மாடி. டைலர் மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "அக்கா, நான் மொட்டையாப் போனது உங்க கண்ணு முன்னாடி. ஒவ்வொரு மாசமும் பார்த்தீங்க. நடுவுல என்னிக்காவது அந்த மாதிரி முடியோட வந்தேனா?"

மூன்றாம் மாடி யோசித்தாள். யோசிப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. "அதெப்படி? பலகையில போட்டிருக்கே!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கண்ணால் பார்த்தது பொய், பலகையில் போட்டது நிஜம்! 

டைலர் நிலையத்துக்குப் போன் செய்தாள். கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்றார்கள். படம் மாறியிருக்கிறது என்றாள். மாறவில்லை என்றார்கள். நாலாவது தரம் யாரும் எடுக்கவேயில்லை. "விடுங்கக்கா. மழையில கிழிஞ்சுடும்" என்றாள் என்னிடம்.

அவள் விட்டிருப்பாள். விடாமல் செய்தவர் ஒரு லாரி ஓட்டுநர். வாட்டசாட்டமான ஆள், பெரிய மீசை. பெரிய மீசை என்பது இடது பக்கத்துக்குத்தான் பொருந்தும். வலது பக்கம் சுத்தமாகக் காலி. தாடியிலும் தலையிலும் அங்கங்கே வட்டம். அன்றே நாங்கள் அவருக்கு அரைமீசை என்று பெயர் வைத்துவிட்டோம், அவர் முன்னால் சொல்லவில்லை.

கடை வாசலில் வந்து நின்று, கைக்குட்டையால் வாயை மூடியபடி கேட்டார்: "அக்கா, பலகையில இருக்கறது நீங்கதானே? பஸ் ஸ்டாப்ல சொன்னாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு அங்க சேரப் போறேன். அட்வான்சுக்கு மனைவி வளையலைக் கழட்டிக் குடுத்துட்டா. அதான், உங்களை ஒரு தடவ பார்த்துட்டுப் போனா ஒரு தைரியம்."

டைலர் மெஷினை விட்டு எழுந்தாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். எங்கள் யார் முன்னாலும் அவள் அதைச் செய்ததில்லை.

அரைமீசை கைக்குட்டையை இறக்கினார். 

"அப்ப அந்தப் படம்?"

"படம் நிஜம்தான். வரிசைதான் பொய். முடியோட போனேன். இப்படித் திரும்பி வந்தேன்."

"அதை எப்படி நம்பறது?" என்றார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை; வளையலைக் கொடுத்தவர் நியாயமாகக் கேட்பதைத்தான் கேட்டார். "அவங்க இத்தனை பெரிசாப் போட்டிருக்காங்களே?"

டைலர் துணியை மறுபடி தலையில் கட்டிக்கொண்டாள். "நாளைக்குப் பத்து மணிக்கு நானும் வர்றேன். அதுக்கு முன்னாடி எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவர் போனதும், அந்தப் பலகையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் போலிருந்தது எனக்கு. முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். அதுவரை அந்தப் பலகையைப் பேருந்தில் போகும்போதுதான் பார்த்திருந்தேன். இப்போது நேர் கீழே நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மொட்டைத் தலைப் படம். படம் எடுப்பதற்காகத் தலைத்துணியை அவிழ்த்துக் கழுத்தில் இறக்கி விட்டிருந்தாள். வெள்ளைத் துணி. நீலப் படகு. ஒன்று, இரண்டு. மூன்றாவது தலைகீழ்.

என் திரைச்சீலை! ஒரு படகு ஒரு மேசை அளவுக்கு, ஊரே பார்க்கும்படி, நடுவானத்தில்!

ஒரு சாண்கூட மிஞ்சவில்லையாம்!

எவ்வளவு வேகமாகத் திரும்பி நடந்தேன் என்று எனக்கே தெரியாது. கடைக்குள் நுழைந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா, துணி குடிச்சுடுச்சுன்னு சொன்னியே, கழுத்துல எப்படி வாந்தி எடுத்துச்சு?"

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். புருவம் இல்லாத முகத்திலும் திருட்டு முழி தெளிவாகத் தெரியும் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன்.

"ஒண்ணேகால் மீட்டர்தான்கா," என்றாள் மெதுவாக. "உங்க கண்ணுல படக் கூடாதுன்னு இங்க கட்டவே மாட்டேன். நீங்க கூட வராத அன்னிக்கு, அங்க போய் மட்டும் கட்டுவேன்."

"ஒண்ணேகால் மீட்டர்!"

"மன்னிச்சுடுங்க."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். நல்ல வசனமாகத் தயாராக வந்திருந்தது. அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. அந்தத் துணி கடைக்கு வந்ததே ஜூன் மாதம். அவள் நிலையத்தில் சேர்ந்தது பிப்ரவரி. ஜூனில் வந்த துணியைக் கட்டிக்கொண்டு பிப்ரவரிக்கு முன்னால் எப்படிப் படம் எடுக்க முடியும்?

"அடியே," என்றேன். "நீ திருடினது நல்லதாப் போச்சு."

மறுநாள் பத்து மணிக்கு நாங்கள் படியேறியபோது என் கையில் பெரிய பை. வீட்டு ஜன்னலில் இருந்து ஒரு திரைச்சீலையைக் கழற்றி மடித்துக் கொண்டுவந்திருந்தேன், கூடவே துணிக்கடை ரசீது. நான் எந்த ரசீதையும் எறிவதில்லை. வீட்டில் அதற்காக என்னைக் கேலி செய்யாத நாள் இல்லை.

காத்திருப்போர் கூடத்தில் எட்டு ஒன்பது பேர். தொப்பி போட்டவர்கள், முக்காடு போட்டவர்கள், எல்லோர் கையிலும் இஞ்சி டீ. அரைமீசை மீன் தொட்டிப் பக்கம் உட்கார்ந்திருந்தார். மடியில் படிவம், கையில் பேனா. கையெழுத்துப் போடவில்லை.

டை வந்தார். "மேடம், உள்ள ரூம்ல உட்கார்ந்து பேசலாமே?"

"பலகையை ரூமுக்குள்ளயா வச்சிருக்கீங்க?" என்றாள் டைலர். "இங்கயே பேசுவோம்."

"நீங்கதான் சம்மதம் குடுத்திருக்கீங்க. கையெழுத்து இருக்கு."

"படத்தைப் போடக் குடுத்தேன். பொய்யைப் போடக் குடுக்கல. முடியோட இருக்கறது முதல் நாள் எடுத்தது. நீங்க பொடி தூவி எடுத்தீங்க."

அவர் கூடத்தைப் பார்த்துச் சிரித்தார். "பாவம், மன வருத்தத்துல பேசறாங்க. சிகிச்சை நல்லா பலன் குடுத்துச்சு. அப்புறம் பராமரிப்புக்கு வராததால மறுபடி கொட்டிடுச்சு. எது முன்னாடி, எது பின்னாடின்னு எங்களுக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். அதான் கோபமே," என்றேன் நான்.

"அம்மா, நீங்க யாரு?"

"எதிர்வீடு."

"எதிர்வீட்டுக்கெல்லாம் நோயாளியோட விவரம் சொல்ல முடியாதும்மா."

"நீங்க சொல்ல வேணாம். நான் சொல்றேன்."

பையைத் திறந்து திரைச்சீலையை உதறினேன். கூடத்தின் நடுவில், நாற்காலிகளுக்கும் மீன் தொட்டிக்கும் இடையில், நீலப் படகுகள் விரிந்தன. ஜன்னலுக்கு நேரே, எதிர்ச்சாரியில் அந்தப் பலகை. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வேறு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. படகை எண்ணினார்கள், பலகையைப் பார்த்தார்கள், மறுபடி எண்ணினார்கள். நான் ரசீதில் இருந்த தேதியை உரக்கப் படித்தேன். அரைமீசை எழுந்து வந்து, ரசீதை வாங்கித் தானே ஒரு தரம் படித்தார்.

"எங்க வீட்டு மீதித் துணி," என்றேன். "என்கிட்டச் சொல்லாம எடுத்து வச்சுக்கிட்டா. அந்தச் சண்டை எங்களுக்குள்ள. ஆனா ஜூன்ல வந்த துணியைக் கட்டிக்கிட்டு பிப்ரவரிக்கு முன்னாடி உங்க ஸ்டூல்ல எப்படி உட்கார்ந்தா?"

டை, டையைத் தளர்த்தினார். "ஒரு நிமிஷம். இது... கம்ப்யூட்டர்ல ரெண்டு படமும் இடம் மாறியிருக்கலாம். டிசைன் பண்றவங்க தப்பு. மனுஷங்கதானே? மாறிப் போயிருக்கும்."

"மாறித்தான் போச்சா?" என்றாள் டைலர்.

"ஆமா மேடம். தெரியாம நடந்த தப்பு. சாரி."

"அப்ப சரி. நான் உங்களைத் திட்டல. இடம் மாறினதைத் திருப்பி மாத்துங்க. முடி இருக்கறதை 'முன்பு'ல போடுங்க. மொட்டையை 'பின்பு'ல போடுங்க. கீழ அதே எழுத்து இருக்கட்டும், 'ஆறே மாதம், நீங்களே பாருங்கள்'னு. மாத்தி ஒட்டினா நான் போயிடறேன்."

 டை வாயைத் திறந்தார், மூடினார்.

"ஏன், மாத்த மாட்டீங்களா? தப்புன்னா திருத்தணும் இல்ல?"

தலைத்துணியை அவிழ்த்துக் கழுத்தில் இறக்கினாள். நேரே நடந்து போய், நீலத் திரைக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். குறிக்குச் சரியாக அதன் கால்களை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"பழைய படம் காணாமப் போயிருந்தா, புதுசா எடுங்க. இப்படியேதான் இருக்கேன். இந்தத் தடவை நீங்க சொல்லாமலே சிரிக்கறேன்."

சிரிக்கத்தான் செய்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் நானே இரண்டடி தள்ளித்தான் நிற்பேன். டை சிகிச்சைக் கட்டணத்தைத் திருப்பித் தருவதாகவும், இன்னும் ஆறு மாதம் இலவசமாகச் செய்வதாகவும் அவள் காதுக்குக் கிட்டத்தில் வந்து சொன்னார். "சத்தமாச் சொல்லுங்க, இவங்களுக்கும் கேக்கட்டும்" என்றாள். அவர் சொல்லவில்லை. அரைமீசை படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். முக்காடு போட்ட ஒரு பெண் டீ டம்ளரை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். எல்லோரும் போகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நாலு பேர் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள், எங்களைப் பார்க்காமல், டீயைப் பார்த்துக்கொண்டு. அவர்களை நான் குறை சொல்லவில்லை. நோட்டீசை எடுத்துக்கொண்டு ஓடியவள் நான்.

படியிறங்கும்போது அரைமீசை கேட்டார்: "அப்ப இதுக்கு எங்கதான் போறதுக்கா?"

"பெரியாஸ்பத்திரி. டீ தர மாட்டாங்க. வளரும்னும் சொல்ல மாட்டாங்க," என்றாள் டைலர். "ஆனா தெரியாததைத் தெரியாதுன்னு சொல்வாங்க."

நாலாம் நாள் பலகையில் இருந்து அவள் படம் போய்விட்டது. மன்னிப்புமில்லை, திருத்தமுமில்லை, வெறும் வெள்ளை, கீழே மட்டும் தொலைபேசி எண். அது அவளுக்குப் போதவில்லை. அதற்கு முன்பே என் கைபேசியில் அந்தப் பலகையைப் பிடித்து வைத்திருந்தேன். ஜெராக்ஸ் கடையில் பெரிதாக அச்செடுத்து வந்தாள். வெட்டுமேசையில் விரித்து, பெரிய கத்தரிக்கோலால் நடுவில் ஒரே வெட்டு. வலதை இடதில் வைத்தாள், இடதை வலதில் வைத்தாள். 'முன்பு', 'பின்பு' இரண்டையும் கத்தரித்து எறிந்துவிட்டு, கீழே தன் கையால் எழுதினாள்: பிப்ரவரி. ஆகஸ்ட். கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டாள்.

மூன்றாம் மாடி வந்து வெகுநேரம் நின்று படித்தாள். "அப்ப நீ நிஜமாத்தான் சொல்லியிருக்க!" என்றாள், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி. தைக்க இரண்டு ரவிக்கையும் கொடுத்தாள். மீதித் துணி எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே அளந்து கேட்டாள். டைலரின் தலையில் அன்று படகு. என் கண் முன்னால், பட்டப்பகலில்.  என் வீட்டு இரண்டாவது ஜன்னலில் திரைச்சீலை கொஞ்சம் குட்டைதான், அதை மட்டும் ஒரு தரம் ஜாடையாகச் சொன்னேன்.

போன வாரம் பலகையில் புதுப் படம் வந்துவிட்டது. யாரோ ஒரு நடுத்தர வயது மனிதர். 'முன்பு' வழுக்கை, 'பின்பு' சுருட்டை முடி. இரண்டிலும் ஒரே சாம்பல் சட்டை. நான் போய் டைலரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவள் அண்ணாந்து, கையைக் கண்ணுக்கு மேல் மறைப்பாக வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அக்கா, காலரைப் பாருங்க."

"என்ன காலர்?"

"காலர் நைஞ்சு போனா, பிரிச்சுத் திருப்பித் தைப்போம். வெளுத்த பக்கம் உள்ள போயிடும், நிறம் போகாத பக்கம் மேல வரும். 'முன்பு'ல பாருங்க, சட்டை வெளுத்திருக்கு, காலர் மட்டும் கருகருன்னு இருக்கு. 'பின்பு'ல ரெண்டும் ஒரே நிறம். திருப்பின காலர் முன்னாடியும் திருப்பாத காலர் பின்னாடியுமா வரும்?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். "இதுவும் தலைகீழா?"

"இதுவும்தான். யாரோ ஒரு டைலர் தைச்சுக் குடுத்திருக்கணும். இந்த மனுஷன் எங்க இருக்கார்னு தெரிஞ்சா..."

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

சாயங்காலத்துக்குள் பதினொரு வீட்டுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இந்தத் தரம் பதினொன்றிலும் நானே போய்ச் சொன்னேன்.